ஊசித் துளை

மூக்கையூர் தூண்டில் வளைவின் கடைசிக் கம்பத்தில்
ஒரு பால்பவுடர் டப்பாவைக் கட்டினேன்.
உள்ளே, சாயல்குடி ஸ்டுடியோவில் மிஞ்சிக் கிடந்த
கறுப்பு வெள்ளைத் தாள், காலாவதியானது.
பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை.
லென்ஸ் கிடையாது, பொத்தான் கிடையாது.
டிசம்பர் இருபத்தொன்றில் டேப்பை உரித்து
ஜூன் இருபத்தொன்றில் திரும்ப ஒட்ட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

மரைன் போலீஸ் இரண்டு முறை வந்தார்கள்.
இரண்டாம் முறைக்குப் பிறகு டப்பாவின் மேல்
மஞ்சள் பெயின்டில் எழுதிவைத்தேன்:
வெடிகுண்டு அல்ல. கேமரா. தொட்டால் ஆடும்.
கீழே என் செல் நம்பர்.
ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் கூப்பிட்டு
காதுகுத்துக்கு ஆல்பம் என்ன ரேட்டு என்றார்.

செய்முறையைப் படம் பிடித்து அனுப்பியதில்
முகம் தெரியாத நாற்பது பேர்
அவரவர் ஊரில் டப்பா கட்டினார்கள்.
சார்ஜாவில் கொத்து வேலை பார்க்கும்
பெரியபட்டினத்துச் சீனி இபுறாகீம்
எட்டுக் கட்டில் அறையின் ஒரே ஜன்னலில் கட்டினார்.
மூன்றாம் வாரம் காவலாளி பிய்த்து எறிந்துவிட்டான்.
"மூணு வாரத்து வெயில் போதுமா தங்கச்சி?"
கறுப்புப் பையில் சுற்றிய தாள்
ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில்
பேரீச்சம்பழத்துக்கு அடியில் வந்து சேர்ந்தது.
போதும் என்றேன்.

ஜூனில் என் டப்பாவைத் திறந்தபோது
தாள் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.
அடியில் செத்த எறும்புகள்.
சூரியன் நூல் நூலாக நின்றது,
மழை கடலிலிருந்து மேலே பெய்வது மாதிரி.
நூல் அறுந்த இடமெல்லாம் மேகம் மூடிய நாட்கள்.
ஒரே ஒரு தடவைதான் ஸ்கேன் செய்யலாம்.
பார்க்கிற வெளிச்சமே அதைத் தின்றுவிடும்.

அந்த ஆறு மாதமும்
நூறு வல்லம் போய் வந்த துறை அது.
படத்தில் ஒன்றுகூட இல்லை. வெறும் தண்ணீர்.
தடைக்காலத்தில் அறுபத்தொரு நாள் கட்டிக் கிடந்த
விசைப்படகுகள் மட்டும்
அடுப்புப் புகைபோல் லேசாக.
அப்புறம், மணலேறிக் கிடந்த ஒரே ஒரு வல்லம்,
அணியத்து வளைவுவரை துல்லியமாக.

நாற்பது பேரும் அதைத்தான் கொண்டாடினார்கள்.
மௌனத்தின் நங்கூரம் என்று எழுதினார் ஒருவர்.
எனக்கும் பிடித்திருந்தது, மறைப்பானேன்.
பெரிதாகப் பிரின்ட் போட்டு
ஐஸ் பிளான்ட் சுவரில் ஒட்டினேன்.

லூர்துகனி கூடையை இறக்காமலே பார்த்தாள்.
"எங்க வல்லத்தக் காணோம்?"
நகர்கிறது எதுவும் இதில் விழாது,
நின்றால்தான் விழும் என்று விளக்கினேன்.
"அப்பச் சரி. தொழில் நடந்திருக்கு."
கூடையோடு போய்விட்டாள்.

சவரிராயன் கூட்டமெல்லாம் கலைந்தபின் வந்தார்.
அவர் வல்லம்தான் அது.
வட்டிக்குக் கொடுத்தவன் எஞ்சினைக் கழற்றிப் போனது
கார்த்திகை மாதம்.
கட்டைவிரலால் அணியத்தைத் தடவினார்,
பிரின்டில் கறை படியாமல், மெதுவாக.
"இவ்வளவு தெளிவா விழுந்திருக்கே."

எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் எல்லாம்
அந்த நேரத்துக்கு உதவவில்லை.
சுவரிலிருந்து கிழித்துவிடட்டுமா என்றேன்.
வேண்டாமென்று கை காட்டினார்.
"அடுத்த டப்பா எப்பக் கட்டுவீக?"
"நாளைக்கு. வேணும்னா கொஞ்சம் மேற்க திருப்பி..."
"திருப்பாதீக. இதே எடத்துல, இதே வாட்டத்துல கட்டுங்க."

கட்டினேன்.
டேப்பை உரிக்கையில் திரும்பிப் பார்த்தேன்.
வல்லம் அங்கேதான் கிடந்தது.
பக்கத்தில் அவர் குந்தியிருந்தார்,
எஞ்சின் இருந்த குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைச்
சிரட்டையால் இறைத்துக்கொண்டு.